காப்பித்தூளின் மணம் காப்பது எப்படி?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகவும் எளியது. நம் வீட்டுக் குசினியில் நாள்தோறும் கைபடுவது. காலையில் பசியாறும் வேளையில் அது இல்லாவிட்டால் நம்மில் பலருக்குப் பொழுதே விடிவதில்லை. காப்பித்தூளைத்தான் சொல்கிறோம். வாங்கிப் பிரித்த அன்று வீடெல்லாம் மணக்கும் தூள், மூன்றாவது வாரத்தில் ஏன் மரத்தூளைப் போல் ஆகிவிடுகிறது? அதன் மணத்தைக் கடைசிக் கரண்டி வரையில் காப்பாற்ற வழி உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் இன்று விடை காண்போம்.

இதைப் போய் வானொலியில் பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்கள். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்ட பிறகு, எங்கள் மாணவர்களின் தாத்தா பாட்டிமார் பலர் கிள்ளானிலும் காப்பாரிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களைக் காணச் செல்லும்போது ஒரே குறையைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். "மகன் மாசத்துக்கு ஒரு தடவை வரும்போது ஒரு கிலோ தூள் வாங்கிக் கொடுத்துட்டுப் போறான், டீச்சர். நல்ல தூள்தான். ஆனா ரெண்டு வாரம் போனா அதுல ஒண்ணுமே இல்ல" என்பார்கள். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் எண்ணுகிறார்கள். வயதாகி நம் நாக்குத்தான் செத்துவிட்டது என்று சிலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

உண்மை இரண்டும் அல்ல. கடையிலும் குற்றம் இல்லை, நாக்கிலும் குற்றம் இல்லை. குற்றம் வைத்திருக்கும் முறையில்தான். ஆனால் இது தெரியாததால் என்ன நடக்கிறது? ஒரு கரண்டி போட்ட இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறார்கள். மணம் போன தூளில் மிஞ்சுவது கசப்பு. அந்தக் கசப்பை மறைக்கச் சீனியையும் டின்பாலையும் கூட்டுகிறார்கள். நம் நாட்டில் இந்தியரிடையே நீரிழிவு நோய் மிகுந்திருப்பதைத் தேசிய அளவிலான உடல்நல ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. ஆகவே, தூளைக் காப்பது நாக்கின் சுவையோடு நின்றுவிடும் செய்தியன்று. பணப்பையையும் உடல்நலத்தையும் தொட்ட செய்தி அது.

பணப்பை என்றோம். காப்பியின் விலை நம் கையில் இல்லை. 1975ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரேசில் நாட்டில் கடும் உறைபனி பெய்து காப்பிச் செடிகள் பெருமளவில் கருகின. அதன் விளைவாக 1977இல் உலகெங்கும் காப்பி விலை உச்சிக்கு ஏறியதை மூத்த நேயர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். அண்மைக் காலத்தில் பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வாட்டியதால், 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரேபிக்கா காப்பியின் உலகச் சந்தை விலை அதுவரை காணாத உயரத்தைத் தொட்டது. எங்கோ பெய்த பனிக்கும் எங்கோ பெய்யாத மழைக்கும் நாம் இங்கே வெள்ளி கொடுக்கிறோம். அப்படிக் கொடுத்து வாங்கிய தூளில் பாதியை மணமிழக்க விடலாமா?

இனி, காப்பிக்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம்.

செடியிலிருந்து பறித்து, சதை நீக்கி, உலர்த்திய பச்சைக் கொட்டைக்கு நாம் அறிந்த காப்பி மணம் கிடையாது. அதை முகர்ந்தால் உலர்ந்த பயற்றின் வாடைதான் வரும். சுமார் 200 பாகை வெப்பத்தில் அதை வறுக்கும்போதுதான் உள்ளிருக்கும் சர்க்கரையும் புரதமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து மணப் பொருள்களாக மாறுகின்றன. வறுத்த காப்பியில் அத்தகைய பொருள்கள் எட்டு நூறுக்கும் மேல் உள்ளன என்று வேதியியலார் கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை எளிதில் காற்றில் பறந்துவிடும் இயல்புள்ளவை. பறப்பதனால்தான் நம் மூக்கை எட்டுகின்றன. பறப்பதனால்தான் தூளை விட்டுப் போயும்விடுகின்றன. கடையில் அரைக்கும்போது தெரு முழுவதும் மணக்கிறதே, அந்த மணம் அத்தனையும் தூளை விட்டுக் கிளம்பிவிட்ட மணந்தான்!

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. பச்சைக் கொட்டையாக இருக்கும்வரை காப்பி மாதக்கணக்கில் கெடாது. வறுத்துவிட்டால் வாரக்கணக்கு. அரைத்துவிட்டால் நாள்கணக்கு. தமிழ்நாட்டில் அந்தக் காலத்துக் காப்பிப் பிரியர்களின் வீடுகளில் பச்சைக் கொட்டையாகவே வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவு வறுத்து, சுவரிலோ மேசையிலோ பொருத்திய கை அரைவையில் அரைத்துக்கொள்வார்கள். அவர்கள் வேதியியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் கெடாத வடிவில் சேமித்துவைத்து, கெடக்கூடிய வடிவில் அன்றாடம் ஆக்கிக்கொள்ளும் நுட்பத்தை அறிந்திருந்தார்கள்.

அரைத்தால் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகிறது? ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு நாங்கள் கொடுக்கும் ஒரு கணக்கு இதை விளக்கும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு முகங்கள். மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கட்டிகளாக வெட்டினால் 1,000 கட்டிகள் கிடைக்கும். அவற்றின் மேற்பரப்பு மொத்தம் 60 சதுர சென்டிமீட்டர். பொருள் கூடவில்லை. காற்றுப் படும் இடம் மட்டும் பத்து மடங்கு கூடிவிட்டது. நம் காப்பித்தூளோ அதனினும் நுண்ணியது. எனவே காற்றுக்கு அது திறந்த வீடு.

நேயர்களே, வறுத்த காப்பிக்குப் பகைவர் நால்வர். முதலாமவர் காற்று. காப்பிக் கொட்டையில் வகைக்கேற்ப நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை எண்ணெய் இருக்கிறது. காற்றில் உள்ள பிராணவாயு அதனோடு சேரும்போது, நாட்பட்ட நல்லெண்ணெயில் சிக்கு வாடை வருவதைப் போலவே காப்பியிலும் வாடை வருகிறது. இதனால்தான் 1900ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹில்ஸ் பிரதர்ஸ் என்னும் நிறுவனத்தார், டின்னிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் காப்பியை அடைத்து விற்கத் தொடங்கினார்கள்.

இரண்டாமவர் ஈரம். மூன்றாமவர் வெப்பம். நான்காமவர் வெளிச்சம். வெப்பம், மணம் பறப்பதையும் எண்ணெய் சிக்குப் பிடிப்பதையும் விரைவுபடுத்தும். வெயில் வெளிச்சமும் அவ்வாறே. குளிர்நாட்டாருக்கு இந்த நால்வரில் காற்றுத்தான் முதற்பகை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு ஈரமும் அதற்கு ஈடான பகை. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக நூற்றுக்கு 80 அளவில் இருக்கிறது. வறுத்த காப்பியிலோ நீர் நூற்றுக்கு 5 பங்குக்கும் குறைவு. இவ்வளவு உலர்ந்த பொருளை இவ்வளவு ஈரமான காற்றில் திறந்து வைத்தால், அது பஞ்சு தண்ணீரை இழுப்பதைப் போல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

காப்பி எவ்வளவு ஈரத்தை இழுக்கும் என்பதற்கு இந்தியாவின் மேற்குக் கரையில் ஒரு சான்று இருக்கிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார்க் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியான பச்சைக் கொட்டை, மாதக்கணக்கில் கடலில் கிடந்து, கடற்காற்றின் ஈரத்தைக் குடித்து, பருத்து வெளுத்துப் போய்ச் சேர்ந்தது. அதன் புளிப்புக் குறைந்து சுவையே மாறியிருந்தது. ஐரோப்பியர் அந்தச் சுவைக்குப் பழகிவிட்டார்கள். நீராவிக் கப்பல்கள் வந்து, 1869இல் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்ட பிறகு பயணம் சுருங்கியது. கொட்டை பருக்கவில்லை, பழைய சுவையும் வரவில்லை. அதனால் மங்களூர் வட்டாரத்தில் பச்சைக் கொட்டையைப் பக்கங்கள் திறந்த கிடங்குகளில் பரப்பி, தென்மேற்குப் பருவக் காற்றை வாரக்கணக்கில் வேண்டுமென்றே அதன்மேல் படவிட்டார்கள். மான்சூண்ட் மலபார் என்ற பெயரில் அந்தக் காப்பி இன்றும் விற்பனையாகிறது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அது வறுக்காத கொட்டைக்குச் செய்யும் முறை. வறுத்து அரைத்த தூளுக்கு அதே ஈரம் பகையாகும்.

1869 என்ற ஆண்டு நம் மக்களின் வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. அந்த ஆண்டில்தான் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு என்னும் நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காப்பித் தொழில் வீழ்ந்து தேயிலை தலையெடுத்தது. இலங்கையில் நொடித்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கும் லைபீரிக்கா என்னும் காப்பி வகை இங்கே நடப்பட்டது. 1880களிலும் 1890களிலும் சிலாங்கூரில் கோலாலம்பூர், கிள்ளான், காஜாங் வட்டாரங்களில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவுக்கும் இடையே இரயில் பாதை திறக்கப்பட்டது. கடல் கடந்து வந்த தமிழர், பால்மரத்தைத் தொடுவதற்கு முன் இம்மண்ணில் காப்பிச் செடியின் அடியில் களை கொத்தினார்கள். பிறகு பிரேசிலில் விளைச்சல் பெருகி விலை சரிந்தது. காப்பி நின்ற இடத்தில் இரப்பர் வந்தது. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. இன்று அங்கெல்லாம் வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன.

காப்பித் தோட்டங்கள் போனாலும் காப்பிப் பழக்கம் போகவில்லை. விடியற்காலையில் பெரட்டுக்களத்துக்குப் போகுமுன் கடுங்காப்பி, பால்மரக் காட்டுக்குப் போத்தலில் காப்பி என்று அது தோட்ட வாழ்வோடு கலந்துவிட்டது. லைபீரிக்காவும் நாட்டை விட்டுப் போய்விடவில்லை. மலேசிய மண்ணில் விளையும் காப்பியில் பெரும்பங்கு இன்றும் அந்த வகைதான்.

இந்த வரலாற்றின் பயனாக, நம் வீடுகளில் இன்று மூவகைக் காப்பித்தூள் புழங்குகிறது. எதை எப்படிக் காப்பது என்பது அது எந்த வகை என்பதைப் பொறுத்தது.

முதல் வகை, இந்நாட்டுக் கோப்பிக் கடைகளில் துணிப்பை வடிகட்டியில் வடிக்கும் கறுப்புத் தூள். இந்தக் கொட்டையை வறுக்கும்போது சீனியும் மார்ஜரினும் சேர்க்கிறார்கள். சீனி உருகிக் கருகிக் கொட்டையின்மேல் போர்வையாக ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் அந்தக் காப்பிக்கு அவ்வளவு கருமையும் கருகிய இனிப்பு மணமும். ஆனால் சீனி ஈரத்தை இழுக்கும் பொருள். ஆகையால் இந்தத் தூளுக்கு ஈரமே பெரும்பகை. மூடியை ஓர் இரவு சரியாக மூடாமல் விட்டாலே கட்டிதட்டத் தொடங்கும்.

இரண்டாம் வகை, நம்மவர் பில்டரில் இறக்கும் தூள். இது பெரும்பாலும் சீனி சேர்க்காமல் வறுத்தது. மணம் முழுவதும் கொட்டையின் சொந்த மணமாதலால், காற்றுப் பட்டால் இழப்பும் மிகுதி. சிக்கரி கலந்த தூளாயின் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். சிக்கரி ஒருவகைச் செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. அதுவும் ஈரத்தை விரைவாக இழுக்கும்.

மூன்றாம் வகை, வெந்நீரில் கரையும் உடனடிக் காப்பி. பிரேசிலில் விற்காமல் தேங்கிய காப்பிக்கு வழி காணும் முயற்சியிலிருந்து பிறந்து, 1938இல் சுவிட்சர்லாந்தில் நெஸ்கபே என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. காப்பியை வடித்து, அதிலுள்ள நீர் முழுவதையும் நீக்கிச் செய்த பொருள் இது. ஆகவே நீரைக் கண்டால் மீண்டும் பசையாகிவிடும். ஈரக் கரண்டி ஒரே ஒருமுறை பட்டாலும் போத்தலின் அடியில் தார்போல் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்.

சொன்னால் நம்பாத பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதே எங்கள் தொழில். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்ததும் அதுவே. பில்டர் காப்பித்தூளை வகுப்பில் மூன்று பங்காகப் பிரித்தோம். ஒன்றைத் திறந்த சாசரில் வைத்தோம். ஒன்றைப் பிளாஸ்டிக் பையிலேயே விட்டு, வாயைச் சுருட்டி இரப்பர் வளையம் போட்டோம். மூன்றாவதை மூடி இறுகிய சிறு போத்தலில் நிறைத்தோம். மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்தோம். பத்து நாள் கழித்துப் பிள்ளைகளின் கண்களைக் கட்டி முகரச் சொன்னோம். சாசரில் இருந்ததைக் காப்பி என்றே பலர் சொல்லவில்லை. "மண்ணு" என்றான் ஒருவன். இரப்பர் வளையம் போட்ட பை சற்றே மணந்தது. போத்தலைத் திறந்தவுடன், முகர்வதற்கு முன்பே "காப்பி!" என்று கூவினார்கள். நம்மில் எத்தனை வீடுகளில் காப்பித்தூள் அந்த இரண்டாவது பங்கைப் போல இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இனி வழிமுறைகளுக்கு வருவோம்.

முதலாவது, அளவறிந்து வாங்குங்கள். ஒரு குவளைக்கு ஏறக்குறைய 7 கிராம் தூள் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கும் வீட்டில், ஆளுக்கு நாளைக்கு இரண்டு குவளை என்றால் ஒரு நாளைக்கு 28 கிராம், ஒரு வாரத்துக்குச் சுமார் 200 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பொட்டலம் ஐந்து வாரத்துக்கு வரும். அரைத்த தூளின் நல்ல மணமோ, திறந்த பிறகு ஒன்றிரண்டு வாரந்தான் நிற்கும். மீதி மூன்று வாரம் அவர்கள் குடிப்பது கசப்புத் தண்ணீரே. அவர்களின் குறை உண்மையானதுதான் என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ தூள் வாங்கும்போது, மலிவாக இருக்கிறதென்று பெரிய பொட்டலத்தைத் தூக்காமல், இரண்டு வாரத் தேவையைக் கேட்டு வாங்குங்கள். எப்போது வறுத்தது, எப்போது அரைத்தது என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

இரண்டாவது, பெரிய பொட்டலந்தான் வந்து சேர்ந்தது என்றால், வந்த அன்றே பிரித்து அடையுங்கள். இன்றைய பேச்சில் மிக முக்கியமான செய்தி இதுதான். ஒரு கிலோவையும் ஒரே டப்பாவில் கொட்டித் தினமும் திறந்தால், ஒவ்வொரு முறையும் அத்தனை தூளுக்கும் புதுக் காற்று புகுகிறது. ஐந்து வாரத்தில் அந்த டப்பாவை எழுபது தடவையாவது திறந்திருப்போம். கடைசி வாரத்தூள் அந்த எழுபது தடவையும் அடி வாங்கிவிட்டுத்தான் நம் குவளைக்கு வருகிறது. மாறாக, 200 கிராம் வீதம் ஐந்து சிறு பைகளில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி, இறுக மூடி, முதல் வாரம், இரண்டாம் வாரம் என்று எழுதி வையுங்கள். புழக்கத்தில் ஒன்று மட்டும் இருக்கட்டும். மற்றவை தங்கள் முறை வரும்வரை மூடியே கிடக்கட்டும். பெற்றோருக்குத் தூள் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள், அங்கேயே உட்கார்ந்து இந்தக் கால்மணி நேர வேலையையும் செய்து கொடுத்துவிட்டு வரலாம்.

மூன்றாவது, பாத்திரம். நம் வீட்டு எவர்சில்வர் டப்பாக்கள் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் பலவற்றின் மூடி வெறுமனே மேலே உட்காரும், இறுகாது. திருகுமூடிப் போத்தலோ, மூடியில் இரப்பர் வளையம் உள்ள டப்பாவோ நல்லது. உங்கள் டப்பா இறுக மூடுகிறதா என்று அறிய விலையில்லாச் சோதனை ஒன்று உண்டு. பொரித்த அப்பளம் ஒன்றை ஆறவிட்டு அதில் போட்டு மூடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். நொறுங்கினால் அந்த டப்பா காப்பிக்கு ஏற்றது. வளைந்தால் அதில் பூண்டோ வெங்காயமோ வைத்துக்கொள்ளலாம். டப்பாவின் அளவும் தூளின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெரிய டப்பாவில் கொஞ்சம் தூள் இருந்தால் மீதி இடம் முழுவதும் காற்றுதானே!

நான்காவது, இடம். அடுப்புக்கு மேலே உள்ள பலகை எடுக்க வசதியானது. காப்பித்தூளுக்கோ அது மிகக் கெட்ட இடம். அங்கே வெப்பமும் உண்டு, ஆவியும் உண்டு. சன்னலோரமும் ஆகாது. கண்ணாடிப் போத்தலானால் கதவுள்ள அலமாரிக்குள் வையுங்கள். கருவாடு, பெலாச்சான், மசாலைத்தூள் ஆகியவற்றின் பக்கத்தில் வைக்காதீர்கள். காப்பி தன் மணத்தை இழப்பதோடு அயல் வாடையையும் வாங்கிக்கொள்ளும்.

ஐந்தாவது, கரண்டி. காப்பித்தூளுக்கென்று உலர்ந்த கரண்டி ஒன்று தனியாக இருக்கட்டும். கொதிக்கும் நீரின்மேல் டப்பாவைத் திறந்து பிடித்துத் தூளைக் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலெழும் ஆவி நேரே டப்பாவுக்குள் போகிறது. தூளை முதலில் எடுத்து வைத்து, டப்பாவை மூடிவிட்டுப் பிறகு நீரிடம் போங்கள்.

ஆறாவது, பழையதன்மேல் புதியதைக் கொட்டாதீர்கள். பெருங்காயம் இருந்த பாண்டம் என்பார்களே, அதைப் போலத்தான் காப்பி டப்பாவும். பழைய தூளின் எண்ணெய் டப்பாவின் சுவரில் படிந்து சிக்குப் பிடித்திருக்கும். புதுத்தூளை அதில் போட்டால் அந்த வாடை அதற்கும் ஏறும். ஒவ்வொரு முறையும் வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் ஈரம் போகக் காயவைத்து, ஆறிய பிறகே நிரப்புங்கள்.

நேயர்கள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. காப்பித்தூளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா? புழக்கத்தில் இருக்கும் டப்பாவை அங்கே வைக்க வேண்டாம் என்பதே எங்கள் விடை. குளிர்ந்த போத்தலை வெளியே எடுத்தால் அது வியர்ப்பதைக் கண்டிருக்கிறோம். அது போத்தலுக்குள்ளிருந்து வந்த நீரன்று. நம் காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த இடத்தில் நீராகப் படிகிறது. தினமும் எடுத்துத் திறந்தால் அந்த வியர்வை தூளின்மேலேயே படியும். ஆனால் இறுக மூடிய சிறு பைகளை, ஐஸ்கட்டி உறையும் மேல்தட்டில் வைப்பது நல்லது. அந்தக் குளிரில் கெடுதல் வேகம் பெரிதும் குறையும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒரு பையை வெளியே எடுத்தால் அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்க வேண்டும். எடுத்த பையைத் திரும்ப உள்ளே வைக்கக்கூடாது.

சில பொட்டலங்களின்மேல் சட்டைப் பொத்தான் போல ஒரு சிறு வட்டம் இருக்கும். வறுத்த காப்பி சில நாள்கள் வரை கரியமில வாயுவை வெளிவிட்டுக்கொண்டிருக்கும். அந்த வட்டம், வாயு வெளியேற வழிவிட்டு வெளிக்காற்று நுழையாமல் தடுக்கும் ஒருவழிக் கதவு. பொட்டலம் ஓட்டையாகிவிட்டதென்று எண்ணி அதை ஒட்டுப்போட்டு அடைக்க வேண்டாம்.

மணம் போன தூளைக் குடித்தால் உடம்புக்குக் கெடுதி உண்டா என்றும் கேட்பார்கள். மணம் போனதால் மட்டும் அது நஞ்சாகிவிடாது. ஆனால் ஈரம் பட்டுப் பூசணம் பூத்த தூள், பூசண வாடை அடிக்கும் தூள் ஆகியவற்றை அப்படியே எறிந்துவிட வேண்டும். மேலே வழித்துவிட்டு அடியில் இருப்பதைப் பயன்படுத்துவதும், வெயிலில் காயவைத்துக் குடிப்பதும் தவறு. சிலவகைப் பூசணங்கள் விடும் நச்சுப் பொருள், காய்ந்தாலும் கொதித்தாலும் முழுமையாக அழிவதில்லை. வீணாகிறதே என்று வருந்தி நோயை விலைக்கு வாங்க வேண்டாம்.

நேயர்களே, நாம் சொன்னவற்றில் செலவு பிடிக்கும் செய்தி எதுவும் இல்லை. இறுகிய மூடி, உலர்ந்த கரண்டி, நிழலான அலமாரி, வந்த அன்றே பிரித்து அடைக்கும் கால்மணி நேரம், இவ்வளவுதான். இந்தப் பேச்சு முடிந்ததும் குசினிக்குப் போய் உங்கள் காப்பி டப்பாவைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பாருங்கள். மணம் உங்களைத் தேடி வந்தால் மகிழ்ச்சி. நீங்கள் மணத்தைத் தேட வேண்டியிருந்தால், அடுத்த பொட்டலத்திலிருந்து இம்முறையைக் கைக்கொள்ளுங்கள். காப்பிக்கு இப்போது போடும் சீனியில் அரைக் கரண்டியைக் குறைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியும் என்றே நம்புகிறோம்.